கால் அங்குலம்

சனிக்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டவை, நீள மேசையின் மேல் வரிசையாகக் கிடந்த ஆறு துணிச் சதுரங்கள். ஆறும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். ஒன்று சாப்பாட்டுத் தட்டின் அளவு இருந்தது. இன்னொன்று அந்தத் தட்டை வைத்துக் கொண்டுவரும் தாம்பாளத்தின் அளவு. மற்ற நான்கும் இடையில்.

மேசைக்கு அந்தப் பக்கம் திருமதி சிவஞானம் மர அடிக்கோலுடன் நின்றார். இந்தப் பக்கம், அவற்றைத் தைத்துக் கொண்டுவந்த ஆறு பெண்கள். சுவரோரம் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ராணி. அது பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு பெண்கள் மையம். அங்கே ஆணென்று நான் ஒருவன்தான்.

வெளியே ரயில் ஒன்று கடந்து போனது.

"ஆறு சதுரம். அஞ்சு அளவு," என்றார் திருமதி சிவஞானம்.

அதற்குக் காரணம் நான். அந்த நிமிடம்வரை அது எனக்கும் தெரியாது.

அச்சகத்துக்கு வந்த நோட்டுப் புத்தகம்

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் அச்சகத்தில் காலை வேளைகளில் உட்கார்ந்திருந்தேன் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அறிக்கை, கருமக்கிரியை அழைப்பு. எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை. மணமகனின் பெயரும் மணமகளின் அப்பா பெயரும் இடம் மாறிப்போவதைத் தடுப்பதே அதில் பெரும்பகுதி.

அங்கேதான் ராணி வந்தார். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். திரைச்சீலை தைக்கும் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஆலை இடம் மாறியபோது வேலை போனது. மிஞ்சிய மாதிரித் துணிகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கத் தொடங்கினார். ஒட்டுப் போர்வை என்றால் நம்மில் பலருக்குப் புரியும். அவர் குவில்ட் என்றுதான் சொல்வார். வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேருக்குக் கற்றுக்கொடுத்தும் வந்தார். பிறகு மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்க ஆரம்பித்ததும், கூடம் அலுவலகமாகிவிட்டது.

அவர் என் முன்னால் வைத்தது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். பதினோரு பக்கம் எழுதியிருந்தார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் நல்ல தமிழா ஆக்கித் தரணும் லா. நான் பேசுற மாதிரியே எழுதிட்டேன்."

"என்ன இது?"

"பேட்டர்ன். இதைப் பாத்து ஒரு ஆளு தைக்கணும். நான் பக்கத்துல இருக்கக் கூடாது. வாயத் திறக்கக் கூடாது. அப்பத்தான் கிளாஸ் கொடுப்பாங்களாம்."

அந்த விதியை வைத்தவர் திருமதி சிவஞானம். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மையத்தின் பொறுப்பை ஏற்பதற்கு முன்பு அங்கே ஒரு எம்பிராய்டரி ஆசிரியை இருந்தார். கெட்டிக்காரி. ஆனால் அவர் பக்கத்தில் நின்றால்தான் மாணவிகளுக்குக் கை ஓடும். ஒரு நாள் அவர் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அரைகுறையாக நின்ற பதினோரு மயில்கள் இன்னும் மையத்து அலமாரியில் இருக்கின்றன. அதிலிருந்து, கற்றுக்கொடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு தாள் எழுதித் தர வேண்டும். முன்பின் தெரியாத ஆறு பேர் அதை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். சரியாக வந்தால் வகுப்பு.

மையத்தில் காலியாக இருந்தது செவ்வாய்க்கிழமை காலை மட்டும். ராணி தோற்றால் அந்த நேரம் கேக் அலங்கார வகுப்புக்குப் போகும்.

"உங்களுக்கு இந்த கிளாஸ் கட்டாயம் வேணுமா?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேள்வி.

"வேணும் அண்ணே. வீட்டுல எனக்கு ஒரு வேலை ரெடியா இருக்கு. பேரப்பிள்ளையப் பாக்குறது. காலையில ஏழு மணிக்கு ஆரம்பம். லீவு கிடையாது. பேரன் தங்கம்தான், குறை சொல்லல. ஆனா என்கிட்ட அவன் ஒண்ணும் கத்துக்கப் போறதில்ல. ஒரு நாளாவது நான் டீச்சரா இருக்கணும்."

நான் திருத்திய விதம்

நோட்டைப் படித்தேன். ஒன்பது சிறிய சதுரங்களை இணைத்து ஒரு பெரிய சதுரம் செய்வதற்கான வழிமுறை. படங்களோடு, பேச்சுத் தமிழில். துணிகளை எண் போட்டுக் குறிக்காமல் 'இருட்டுத் துணி', 'வெளிச்சத் துணி' என்று எழுதியிருந்தார். அதை விட்டுவைத்தேன், நன்றாக இருந்தது.

ஆனால் 'கால் அங்குலம் விட்டுத் தைங்க' என்பது ஒன்பது இடங்களில் வந்தது. அதாவது, துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையல் ஓட வேண்டும். ஒரே வாக்கியம், ஒன்பது முறை. 'இப்ப அளந்து பாருங்க' என்பது மூன்று முறை.

செய்தி மேசையில் எனக்கு முதல் வாரமே கற்றுத் தந்தது இரண்டு விஷயம். சொன்னதைத் திரும்பச் சொல்லாதே. இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. முக்கியமானது எப்போதும் மேலே இருக்கும். கடைசிப் பத்தி போனால் உலகம் அழியாது.

ஒன்பது கால் அங்குலத்தையும் எடுத்தேன். அந்த இடங்களில் 'வழக்கம்போல் துணி விட்டு இணைக்கவும்' என்று போட்டேன். வாக்கியம் வழவழப்பாக ஓடியது. கால் அங்குலம் என்ற தகவலைப் பொதுக்குறிப்பாகத் தாளின் அடியில் வைத்தேன். பக்கம் அமைத்தபோது இரண்டு வரி மிஞ்சியது. கீழிருந்து வெட்டினேன்.

பதினோரு பக்கம் ஒரு தாளாயிற்று. எனக்குத் திருப்தி.

அச்சாவதற்கு முன் ராணியிடம் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"படிச்சுப் பாருங்க."

"பத்திரிகைக்காரர் பாத்தது, இதுல நான் என்ன பாக்குறது? அழகா இருக்கு அண்ணே. சனிக்கிழமை நீங்களும் வந்து பாருங்க."

கிளறிக்கொண்டே இருந்தவர்

இதே தவறை நான் முன்பும் ஒரு முறை செய்திருக்கிறேன். பத்திரிகையில் ஞாயிறு மகளிர் பக்கம் என் பொறுப்பில் இருந்த காலம். வாசகி ஒருவர் எழுதிய கேசரிக் குறிப்பு இரண்டு வரி நீண்டுவிட்டது. கடைசி வரி, 'அடுப்பை அணைத்து இறக்கி வைக்கவும்.' இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று எடுத்துவிட்டேன்.

ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. சுங்கை பூலோவிலிருந்து ஓர் ஆண் குரல். நிதானமான குரல்.

"சார், சம்சாரம் ஊர்ல இல்ல. உங்க பேப்பர பாத்து கேசரி செய்யறேன். 'கைவிடாமல் கிளறிக்கொண்டே இருக்கவும்'னு நிக்குது. எப்ப நிறுத்தணும்?"

"எவ்வளவு நேரமாகக் கிளறுகிறீர்கள்?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்."

"இப்போது நிறுத்துங்கள்," என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அன்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். அவரைப் பார்த்துச் சிரித்தோம். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்த ஒரே வாசகர் அவர் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வழக்கம்போல்

மேசைக்குத் திரும்புகிறேன்.

திருமதி சிவஞானம் மிகச் சிறிய சதுரத்தைத் தூக்கினார். ஒன்பதரை அங்குலம். வந்திருக்க வேண்டியது பன்னிரண்டரை.

"இது ஆர் தைச்சது?"

"நான் மேடம்," என்றார் கோமதி. கேரி தீவிலிருந்து வந்தவர். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவர் அவர்தான்.

"தையலுக்கு எவ்வளவு விட்டனீங்கள்?"

"ஒரு அங்குலம். வழக்கம்போல்னு போட்டிருக்கு. என் வழக்கம் ஒரு அங்குலம்தான்."

"ஏன் அவ்வளவு?"

கோமதி அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "மேடம், ரவிக்கைக்கு உள்ளார துணி விட்டாத்தானே அப்புறம் பிரிச்சு விட முடியும். தீபாவளிக்குத் தைச்சது பொங்கலுக்கே பத்தாது. அளவு குடுக்கறப்ப எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்கிட்டுத்தான் நிப்பாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். யாரும் மறுக்கவில்லை. ஒருவர் முக்கால் அங்குலம் விட்டிருந்தார். இருவர் அரை அங்குலம். ஒருவர் கண்ணளவில் தைத்து ஏறக்குறைய சரியாகக் கொண்டுவந்திருந்தார். தாம்பாளம் அளவு இருந்தது, சாலாக் செலாத்தானிலிருந்து வந்த ஜெயாவுடையது.

"நாலரை அங்குலம் வெட்டணும்னு இருந்துச்சு," என்றார் ஜெயா. "தைச்ச பிறகு வர்ற அளவுன்னு நெனைச்சேன். அதனால சுத்திலும் அரை அங்குலம் சேத்து வெட்டுனேன். யாருக்கும் பத்தாமப் போகக் கூடாதுல்ல."

ராணி முதல் முறையாக வாயைத் திறந்தார். "போர்வைக்கு உடம்பு போடாது ஜெயா."

திருமதி சிவஞானம் அச்சிட்ட தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். வரைபடம் பார்த்த விரல். ஒரு வரியிலும் அவசரப்படவில்லை.

"கால் அங்குலம் எண்டு ஒரு இடத்திலும் இல்லையே, ராணி."

ராணி எழுந்து போய்த் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் தடவையாக அதைப் படித்தார் என்று நினைக்கிறேன். படித்து முடித்து என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

"என் தப்புதான் மேடம். நான் சரியாப் பாக்கல."

நான் பேசுவதற்கு ஏறக்குறைய நாற்பது விநாடி எடுத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் எதிரில் இருந்ததால் தெரியும். மையத்தின் பெயர்ப் பட்டியலில் ராணியின் பெயருக்கு நேரே திருமதி சிவஞானம் பேனாவை வைத்துவிட்டார்.

"அவர் எழுதியிருந்தார்," என்றேன். "ஒன்பது இடத்தில். நான்தான் வெட்டினேன்."

"ஏன்?"

"திரும்பத் திரும்ப வந்தது."

நோட்டுப் புத்தகம் என் பையில் இருந்தது. கொடுத்தேன். அவர் பதினோரு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். ஆறு பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதி மட்டும், "பத்திரிகையில இப்பிடித்தான் எல்லாத்தையும் வெட்டுவீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

"எழுதினவ சரியாத்தான் எழுதியிருக்கிறா," என்றார் திருமதி சிவஞானம். "திருத்தினவர்தான் பிழை விட்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை இன்னுமொருக்கா பாப்பம். அதோட சரி."

"நாங்களே வரோம் மேடம்," என்றார் ஜெயா.

"உங்களுக்கு இப்ப விஷயம் தெரிஞ்சு போச்சு. இனி எப்படித் தாள் குடுத்தாலும் சரியா வரும். ஒண்டும் தெரியாத ஆள் வேணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கும் கால் அங்குலம் தெரியுமே," என்றேன்.

"மெஷின்ல பெடல் எந்தப் பக்கம்னு தெரியுமா சார்?" என்றார் கோமதி.

தெரியாது.

ஒவ்வொரு வரியும் முதல் வரி

கீழே சாப்பாட்டுக் கடையில் ராணிக்கும் எனக்கும் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க மேல கோவமில்ல அண்ணே," என்றார். பிறகு, "கோவம் இருக்கு. இப்ப அதுக்கு நேரமில்ல," என்றார்.

"ஒன்பது முறை ஏன் எழுதினீங்க? ஒரு தடவை போதாதா?"

கண்ணாடிக் குவளையைத் தள்ளி வைத்தார். "பேப்பர நீங்க எப்படிப் படிப்பீங்க?"

"மேலிருந்து கீழே."

"தைக்கிறவ அப்படிப் படிக்க மாட்டா. ஒரு வரி பாப்பா, தைப்பா. குழம்பு பொங்கும், எழுந்து போவா. பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வருவா. மறுநாள்கூட ஆகும். திரும்பி வந்து, தாளுல கை வச்ச இடத்துல இருந்து ஆரம்பிப்பா. மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவளுக்கு எதுக்கு? அவ பாக்குற வரிதான் அவளுக்கு முதல் வரி. அதுல எல்லாம் இருக்கணும்."

முப்பது வருடத்துக்கு மேல் வாசகருக்காக எழுதினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வாசகர் நடுவில் எழுந்து போவார் என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த வாரம் பதினோரு பக்கத்தையும் இருந்தபடியே தட்டச்சு செய்தேன். ஏழு எழுத்துப் பிழை. ஏழையும் தொலைபேசியில் அவரிடம் கேட்ட பிறகே திருத்தினேன்.

சனிக்கிழமை, மறுபடி

மையத்தின் ஜன்னலோரத் தையல் மெஷின் எனக்கு. நூல் கோத்துத் தரலாம் என்று திருமதி சிவஞானம் அனுமதித்தார். ராணியை வெளியே போகச் சொன்னார். அவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. ஆறு பெண்களும் வந்திருந்தார்கள். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முதல் வரி: 'தைக்க முன்னாடி, ஊசியிலிருந்து கால் அங்குலம் வலது பக்கம் தள்ளி மெஷின் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. துணி ஓரம் அந்த ஸ்டிக்கரை உரசிக்கிட்டே போகணும். ஊசியப் பாக்காதீங்க, ஸ்டிக்கரைப் பாருங்க.'

ஒட்டினேன். இதையும் நான் வெட்டியிருந்தேன்.

இருட்டுத் துணியில் ஐந்து, வெளிச்சத் துணியில் நான்கு, நான்கரை அங்குலச் சதுரங்களாக வெட்டி முடிக்க ஐம்பது நிமிடமானது.

"சார், விரல அவ்வளவு கிட்ட வைக்காதீங்க," என்றார் கோமதி.

"கோமதி, உதவி வேண்டாம்," என்றார் திருமதி சிவஞானம்.

"உதவி இல்ல மேடம். துணியில ரத்தம் பட்டா போகாது."

'ஒரு இருட்டு, ஒரு வெளிச்சம். நல்ல பக்கம் ரெண்டும் உள்ள பாத்து இருக்கணும். கால் அங்குலம் விட்டுத் தைங்க.' தைத்தேன். கால் அழுத்தியதும் மெஷின் நான் நினைத்ததைவிட விரைவாகப் புறப்பட்டது. துணியைப் பார்க்கப் போய் ஸ்டிக்கரை விட்டுவிட்டேன்.

அடுத்த வரி: 'இப்ப அளந்து பாருங்க. எட்டரை வரணும். வரலன்னா பிரிங்க. அடுத்ததுக்குப் போகாதீங்க.'

எட்டேகால் வந்தது.

கால் அங்குலக் குறைவு பெரிதாகத் தெரியவில்லை. இழுத்துப் பிடித்தால் எட்டரை மாதிரியே இருந்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெயா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கோமதி பார்வையை எடுக்கவில்லை.

பிரித்தேன். பிரிப்பதற்குப் பன்னிரண்டு நிமிடம். மறுபடி தைத்தேன், ஸ்டிக்கரைப் பார்த்து. எட்டரை.

மூன்று துண்டு சேர்ந்து ஒரு பட்டை. அதன் நீளம் பன்னிரண்டரை. அதையும் அளக்கச் சொல்லியிருந்தது. 'தையலை இருட்டுப் பக்கம் சாய்ச்சு அயன் பண்ணுங்க. தேய்க்காதீங்க, வச்சு எடுங்க.' வைத்து எடுத்தேன். பருத்தித் துணி சூடாகும்போது வரும் வாசனை, புதுச் சோற்று வாசனைக்கு அருகில் இருந்தது. இரண்டாவது பட்டை. நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துவிட்டது. விரல் பட்ட வரியைப் படித்தேன். 'கால் அங்குலம் விட்டுத் தைங்க' என்று இருந்தது. தைத்தேன்.

பட்டைகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது மூலைகள் சந்திக்க வேண்டும். ஒரு மூலை நூலிழை அளவு விலகியது. அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மூலை லேசா விலகினா பரவாயில்ல. போர்வையை யாரும் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கறதில்ல. அளவு மட்டும் விலகக் கூடாது.'

ஒன்றரை மணிக்கு முடித்தேன். மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தான் தைத்தால் முக்கால் மணி நேரம்தான் ஆகும் என்றார் கோமதி.

திருமதி சிவஞானம் சதுரத்தை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் நீவினார். அடிக்கோலை முதலில் குறுக்கே வைத்தார். பிறகு நெடுக்கே. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை குறுக்கே வைத்தார்.

"பன்னிரண்டரை," என்றார்.

ஜெயா போய்க் கதவைத் திறந்தார்.

ராணியின் வகுப்பு செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நடக்கிறது. இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை.